கிடாரம் ஓட்டிய பெரியப்பா

எங்கள் ஐயா வாங்கிய அலுமினிய வள்ளத்தில் முதன்முதலாகக் குடியேறியவை இரண்டு நண்டுகள். இதைச் சொன்னால் ஐயாவுக்குப் பிடிக்காது. ஆனாலும் நடந்தது அதுதான்.

முல்லைத்தீவில், பெரிய கடலுக்கும் நந்திக்கடல் என்கிற உப்புநீர்க் களப்புக்கும் நடுவிலே கிடந்த மணல் திட்டில் எங்கள் வீடு இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் கரையில் வள்ளம் என்றால் மரத்தில் செய்வது. அலுமினியம் என்றால் சோறு வடிக்கிற சட்டி. இரண்டையும் சேர்த்து யோசித்த ஒரே மனிதர் எங்கள் ஐயா.

அந்த வள்ளம் கடலுக்கென்று செய்ததும் அல்ல. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காடு வெட்டிக் குளம் கட்டியபோது, அளவெடுக்க வந்த வெளிநாட்டுத் துரைமார் கொண்டுவந்தது. வேலை முடிந்து துரைமார் போய்விட, வள்ளம் ஒரு பாலைமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. பாலைப்பழம் பறிக்கிறவர்களெல்லாம் அதன்மேல் ஏறி நின்று அடிப்பக்கத்தை நெளித்துவிட்டார்கள். கடைசியில் அதை ஏலத்தில் விட்டார்கள். ஏலம் கேட்கப் போனவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கத் தொட்டி வேண்டும். இன்னொருவருக்கு நெல் அவிக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். ஐயா மட்டும்தான் அதை வள்ளமாகவே பார்த்தவர். தொட்டிக்காரரும் அவியல்காரரும் சீக்கிரமே விலகிக்கொண்டார்களாம். அதோடு, மனம் வந்தால் மட்டும் ஓடுகிற ஒரு பழைய மெசினும் கிடைத்தது. வள்ளத்தின் பின்பக்கத்தில் கொழுவிவிடுகிற வகை மெசின் அது.

மரம் ஏற்றுகிற லொறி ஒன்றில் கவிழ்த்துவைத்துக் கட்டி ஐயா அதைக் கொண்டுவந்து இறக்கியபோது கரை முழுவதும் கூடிவிட்டது. வெயிலில் அது கண்ணைக் குத்தியது. யாரோ ஒருவர் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எத்தனை கொத்து அரிசி போடலாம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குக் கிடாரம் என்று பேராகிவிட்டது. கலியாண வீட்டில் சோறு ஆக்குகிற பெரிய பாத்திரத்தின் பேர். ஐயா அதற்கு ஒரு புனிதரின் பேரை வைத்திருந்தார். அது வேதக்கோயில் சுவாமியாருக்கும் ஐயாவுக்கும் மட்டுமே தெரியும்.

ஐயா இவ்வளவு பாடுபட்டது பெரியப்பாவுக்காக.

பெரியப்பா ஐயாவின் தமையன். தாய் தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்த ஐயாவைத் தூக்கி வளர்த்தவர். கலியாணம் கட்டாமல் எங்களோடுதான் இருந்தார். அந்தக் காலத்தில் மீனுக்கு டைனமைட் போடுகிற வழக்கம் கரையில் இருந்தது. போட்டவர்கள் யாரும் போட்டோம் என்று சொல்வதில்லை. பெரியப்பா சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அவருடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. திரி கட்டையாக இருந்ததாம். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது நடந்தது. அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. ஒரு கையால் துடுப்பு வலிக்கவும் முடியாது, வலை இழுக்கவும் முடியாது. கரையில் உட்கார்ந்து, வலையைக் கால்விரல்களுக்கிடையில் கொடுத்துப் பிடித்து, இடது கையால் கிழிசலைப் பொத்துவார். இரண்டு கை உள்ளவர்களைவிட வேகமாகப் பொத்துவார். ஊரில் எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார், எல்லோரோடும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். ஐயா ஒருவருக்குத்தான் அது போதவில்லை.

"அண்ணை கரையில இருந்து இருந்தே செத்துப்போவார்" என்று குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லுவார். "மெசின் வள்ளமெண்டால் ஒரு கை போதும். பின்னுக்கு இருந்து பிடிச்சால் சரி. என்ர கண்ணால அவரை ஒருக்காத் தண்ணியில பாத்திட வேணும்."

அம்மா உலைமூடியைத் திறந்து பார்ப்பா.

இப்போது நண்டுகளின் கதைக்கு வருகிறேன். கச்சான் காற்றடிக்கிற கோடையில் கரையில் காய்ந்து கிடக்கும் மர வள்ளத்தைத் திரும்ப இறக்குமுன், கல்லை ஏற்றி ஆழம் குறைந்த இடத்தில் சில நாள் தாழ்த்திவைப்பார்கள். பலகை ஊறி இறுகி, நீக்கல்கள் தானாக அடைபடும். இது எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரியும். அடியிலிருந்த ஓட்டைகளால் ஐயாவின் வள்ளத்திலும் தண்ணீர் ஊறியது. ஆகவே பல வள்ளங்கள் வைத்திருந்த மூத்த சம்மாட்டியார் ஒருவர், "வள்ளமெண்டால் ஊறப் போட வேணும்" என்றார். அலுமினியம் எப்படி ஊறும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறு பேர் சேர்ந்து கல் ஏற்றிக் கிடாரத்தைக் களப்பில் தாழ்த்தினார்கள். மூன்றாம் நாள் தூக்கியபோது ஓட்டைகள் இருந்தபடியே இருந்தன. உள்ளே இரண்டு நண்டுகள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. பெரியப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரைக்கேறிவிட்டது.

அதன்பிறகு பழுது பார்க்கிற வேலை தொடங்கியது. ஐயாவிடம் மனம் இருந்த அளவுக்குப் பணம் இல்லை. அதனால் அந்த வள்ளத்தில் சேர்ந்த ஒவ்வொன்றும் முன்பு வேறொன்றாக இருந்தது. கோயிலில் கால் உடைந்த வாங்கு ஒன்று இருக்கைப் பலகையானது. மாதா சுரூபத்தின் சால்வைக்கு அடித்து மிஞ்சிய நீல வர்ண மையைச் சுவாமியார் கொடுத்தார். அது வள்ளத்தின் விளிம்புக்கு மட்டும் போதுமாக இருந்தது. மெசினை பஸ் திருத்துகிற ஒருவர் பிரித்துப் பூட்டினார். கூலி ஒரு சாக்குக் கருவாடு.

ஓட்டைகள்தான் பெரிய பாடு. அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது என்று, ஊரூராகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் சொல்லிவிட்டார். செம்புத் தகடு இருந்தால் அதை வைத்து ஆணியால் தறைந்து தரலாம் என்றார். செம்புத் தகட்டுக்கு எங்கே போவது? ஐயா வீட்டுக்குள் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றார். அம்மா தன்னுடைய சீதனச் செம்புக் குடத்தை எடுத்து, உள்ளே இருந்த தண்ணீரை முற்றத்து முருங்கைக்கு ஊற்றிவிட்டு, அவர் கையில் கொடுத்தா. அடுத்த நாள் கிடாரத்தின் அடியில் சிவப்புச் சிவப்பாகப் பதினொரு ஒட்டுகள் மின்னின. எனக்கு அது பொட்டு வைத்ததுபோல அழகாக இருந்தது.

ஐயா செய்த இன்னொரு காரியத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். ஒரு மத்தியானம் பெரியப்பா பாயில் படுத்து நித்திரையாக இருந்தபோது, ஐயா பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு நூலால் அவருடைய இடது உள்ளங்கையை மெதுவாக அளந்தார். விரல்களையும் ஒவ்வொன்றாக அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். பிறகு அந்த அளவுக்கு ஒரு பூவரசங்கட்டையைச் செதுக்கி, மெசினின் கைபிடியில் பூட்டினார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்துக் காட்டினார். வளர்ந்த மனிதர்கள் இருவர் இப்படி அன்பாக இருப்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

வள்ளம் இறக்குகிற நாளில் பெரியப்பா ஒரு நிபந்தனை வைத்தார். நானும் வந்தால்தான் அவர் ஏறுவார்.

பெண்பிள்ளை ஏறினால் மீன் படாது என்பது எங்கள் கரையின் கட்டுப்பாடு. அக்கம்பக்கத்தார் முகத்தைச் சுளித்தார்கள். பெரியப்பா, "வள்ளத்திலதானே ஏறக்கூடாது? இது கிடாரம்தானே" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்படியாக, அந்தக் கரையில் வள்ளம் ஏறிய முதல் பெண் நானானேன். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமைக்கு நான் ஒருத்தியோடும் சரிக்குச் சரி நின்று கதைக்கவில்லை.

மெசின் எடுத்தவுடன் ஒரு வெடி வெடித்துத்தான் ஓடத் தொடங்கும். பிறகு கிடாரம் களப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் வளர்ந்தவர்களுக்கு நெஞ்சுக்கு மேல் வராத களப்புத்தான். ஆனால் எனக்கு அது பெரிய கடல். முன்பக்க வாங்கில் நானும் பெரியப்பாவும் இருப்போம். அவருடைய இடது கை என் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும்.

பின்னால் மெசினைப் பிடித்திருக்கும் ஐயா ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார்.

"அண்ணை, வாங்கோ. ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ."

"பிள்ளை விழுந்திடுவாள் தம்பி. நீயே பிடி."

எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் மட்டுமே பெரியப்பா வந்தார். மற்ற நாட்களில் அவருக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொள்ளும். அல்லது யாருடையதோ வலை அவசரமாக இருக்கும். பெரியப்பா என்னில் வைத்த பட்சத்தைப் பற்றி ஊரே கதைத்தது. நானும் அதை நம்பினேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்த அம்மா, என் தோளைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தா. அங்கே நாலு விரல் தடங்களும் கன்றிப்போய்க் கிடந்தன.

"இதென்ன அடையாளம்?"

"பெரியப்பா பிடிக்கிறவர். நான் விழுந்திடாமல்."

அம்மா தேங்காயெண்ணெய் எடுத்து அந்த இடத்தில் தடவிவிட்டா.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஐயா வாடத் தொடங்கினார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "பிள்ளையைப் பிடிக்கிறதுக்கே அந்த ஒரு கை சரியாப் போகுது. அவள் ஒருநாளைக்கு வராட்டில், அண்ணை கட்டாயம் மெசினைப் பிடிப்பார்."

நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். இவ்வளவு நாளும் பெரியப்பாவின் குறுக்கே நின்றது நான்தான். பூவரசங்கட்டையில் அந்தக் கைபிடி அவருக்காகக் காத்திருக்கிறது. அவரோ என்னைப் பிடித்துக்கொண்டு, ஆசையை அடக்கிக்கொண்டு இருக்கிறார். அந்தக் கிழமை முழுவதும் எனக்குள் ஒரு போராட்டம் நடந்தது. வள்ளம் ஏறுகிற ஒரே பெண்பிள்ளை என்ற பட்டத்தை விடுவது லேசான காரியமா? ஒன்பது வயதில் எனக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை செபம் சொல்லும்போது முடிவெடுத்துவிட்டேன். வேதத்துக்காக உயிரைக் கொடுக்கப்போகும் ஒரு வேதசாட்சிக்கு உரிய மனநிலையில் நித்திரைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையில், கரையில் கவிழ்த்துவைத்திருந்த ஒரு மர வள்ளத்தின் அடியில் போய் ஒளித்துக்கொண்டேன். மணலுக்கும் விளிம்புக்கும் நடுவிலிருந்த நீக்கலால் எல்லாம் தெரிந்தது.

பெரியப்பா வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளை எங்க?"

"தெரியேல்லை அண்ணை. எங்கயும் விளையாடப் போயிருப்பாள். வாங்கோ, போவம்."

"அவள் வரட்டும்."

"காத்து எழும்பப்போகுது."

பெரியப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுப்பக்கம் போய்க் கூப்பிட்டார். திரும்பி வந்து, கோயில் பக்கம் பார்த்து இன்னொருமுறை கூப்பிட்டார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். வலை காயப்போட வந்தவர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஐயா முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தை நான் அங்கிருந்தே பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசுக்குப் பேர் வாசிக்கும்போது பிள்ளைகளின் முகம் இருக்குமே, அப்படி இருந்தது. பெரியப்பாவும் அந்த முகத்தைப் பார்த்தார்.

பிறகு மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தில் ஏறி, பின்பக்கம் போய் உட்கார்ந்தார். ஐயா கயிற்றை இழுத்தார். மெசின் வெடித்தது. பெரியப்பாவின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. ஐயா அவருடைய இடது கையை எடுத்து அந்தப் பூவரசங் கைபிடியில் வைத்தார். அது அச்சாகப் பொருந்தியது.

அவர் ஓட்டினார். கிடாரம் நேராகப் போய், தூரத்தில் வளைந்து, இன்னொருமுறை வளைந்து திரும்பி வந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஐயா முன்பக்கத்தில் இருந்து, போகிற பக்கம் பார்க்காமல் தமையனையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் மணலில் கிடந்தபடியே சத்தமில்லாமல் கைதட்டினேன்.

கரைக்கு வந்ததும் ஐயா மற்றவர்களோடு வள்ளத்தை இழுக்கப் போனார். பெரியப்பா அவர்களை விட்டு விலகி, நான் ஒளித்திருந்த பக்கமாகவே நடந்து வந்தார். நான் உள்ளே இருப்பது தெரியாமல் அந்த மர வள்ளத்தில் சாய்ந்து மணலில் உட்கார்ந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவருடைய பற்கள் அடிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் அழுதார். பெரிய ஆண்கள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோசத்தில் அழுகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தேன்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "இதுக்குள்ளயோ இருந்தனீ?"

"ஓம் பெரியப்பா. நான் வந்தால் நீங்கள் மெசினைப் பிடிக்கமாட்டியள். அதுதான் ஒளிச்சனான். இனி நான் வரமாட்டன். நீங்கள் ஒவ்வொரு நாளும் ஓட்டலாம்."

அவர் இடது கையால் முகத்தைத் துடைத்தார். அதே கையை என் தலையில் வைத்தார். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மெசின் பிடித்த நடுக்கம் என்று நினைத்தேன்.

"எனக்காகவோ?"

"ஓம்."

"நல்ல பிள்ளை" என்றார்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அவரும் அந்தப் பருவம் முழுவதும் கிடாரத்தை ஓட்டினார். நாரிப்பிடிப்பு அதன்பிறகு வரவில்லை. விடியவும் பின்னேரமும் ஐயாவோடு போய் இறால் வலை வைத்து, எடுத்து வந்தார். திரும்பி வந்ததும் கொஞ்சநேரம் அந்த மர வள்ளத்தடியில் தனியே இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஐயா அந்த மாதங்களில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் பாடி நான் கேட்டதில்லை.

ஆனால் கிடாரம் நீடிக்கவில்லை. செம்பு ஒட்டுகளைச் சுற்றி முதலில் வெள்ளை மாப்போல ஒன்று பூத்தது. ஐயா தேய்த்துத் துடைத்தார், திரும்பப் பூத்தது. பிறகு ஒட்டுகளின் ஓரத்து அலுமினியமெல்லாம் நனைந்த அப்பளம்போல உதிரத் தொடங்கியது. கடைசியில் ஒருநாள் ஒட்டுகள் பதினொன்றும் முழுசாக இருக்க, அவற்றைச் சுற்றியிருந்த வள்ளத்தைக் காணவில்லை. கருவாட்டுக்கு வந்த பஸ் திருத்துகிறவர்தான் பார்த்துவிட்டுச் சொன்னார், செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து இருக்காதாம். குளத்து நல்ல தண்ணீரில் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார்.

ஐயா மணலில் இருந்துவிட்டார். பெரியப்பா பக்கத்தில் போய் அவருடைய முதுகைத் தடவினார். "பறவாயில்லைத் தம்பி. நல்லா ஓடினதுதானே." ஐயா சிறுபிள்ளைபோல அவருடைய தோளில் தலையை வைத்தார்.

அன்று மத்தியானம் பெரியப்பா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்வரை அசையாமல் நித்திரை கொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஐயா அங்கே உடைந்துபோய் இருக்கிறார், அம்மாவின் குடம் போய்விட்டது, நான் என் பட்டத்தையே விட்டுக்கொடுத்தேன். இந்த மனிதருக்குக் கொஞ்சமாவது கவலை இருக்கிறதா என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்து எனக்குப் பாலைப்பழம் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

பெரியப்பா செத்துப் பல வருசங்களுக்குப் பிறகு, எனக்கும் இரண்டு பிள்ளைகள் ஆனபின், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஏதோ கதையில் சாதாரணமாகச் சொன்னா. "அந்த மனிசனுக்குத் தண்ணியெண்டால் பயம். அந்த வெடிக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டாலும் உடம்பு நடுங்கும். கரையில இருக்கிறதுதான் அவருக்கு நிம்மதி."

என் தோளிலிருந்த அந்த நாலு விரல் அடையாளங்கள் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. நான் விழுந்துவிடாமல் அவர் என்னைப் பிடிக்கவில்லை. பிடித்துக்கொள்ள அவருக்கு என்னை விட்டால் வேறொன்றும் அந்த வள்ளத்தில் இருக்கவில்லை. அதையும் நான்தான் எடுத்துக்கொண்டு போய் ஒளித்தேன்.

"ஐயாவுக்குத் தெரியாதோ?"

"நான் சொல்லப் போனனான். பெரியப்பா விடேல்லை. தம்பி எவ்வளவு ஆசையாச் செய்யிறான், சொல்லிப்போடாதை பிள்ளை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

"நான் ஒளிச்சது? அது எவ்வளவு பெரிய..."

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "அதைத்தான் அவர் சாகும்வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். என்ர பிள்ளை எனக்காகத் தன்ர இடத்தை விட்டுத் தந்தவள் எண்டு."

ஐயா பெரியப்பாவைவிட நெடுங்காலம் இருந்தார். கண் மங்கி, ஆட்களின் பேர்கள் மறந்துபோன பிறகும், யார் வந்தாலும் கதிரையை இழுத்துப் போடச் சொல்லி அந்த ஒரு கதையைச் சொல்லுவார். தமையனைத் திரும்பவும் தண்ணீருக்குக் கொண்டுபோனது தான்தான் என்பார். சொல்லி முடித்ததும் நான் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, "அண்ணை எவ்வளவு சந்தோசமா ஓட்டினவர், நீ பாத்தனீதானே பிள்ளை?" என்று கேட்பார்.

"ஓம் ஐயா" என்பேன். "பாத்தனான்."